ஊதுவத்தி செருகிய பூட்டு

மச்சான்,

லாரிக் கதவுக்குள்ளிருந்து சந்தன வாசம் வருமா? வந்தது. போன வாரம் கருங்குழியில், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருக்கும் டிங்கர் தாஸின் பட்டறையில், நம் வண்டியின் வலது கதவைப் பிரித்தபோது வந்தது. துருவும் பழைய கிரீஸும் நாறுமே என்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன். தாஸ் பூட்டின் உருளையைக் கழற்றித் தரையில் தட்டினான். கொட்டியது அத்தனையும் ஊதுவத்திக் குச்சி. ஒடிந்தது, கருகியது, சந்தனமும் குங்குமமும் சேர்ந்து கல்லாய் இறுகியது என்று ஒரு கைப்பிடி இருக்கும். பட்டறை முழுக்க ஆயுத பூஜை வாசம் அடித்தது.

"அண்ணாத்த, இது லாரி பூட்டா, இல்ல சாமி மாடமா?" என்று கேட்டான் தாஸ்.

"என் மச்சானைக் கேளு" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். நீ செத்துப்போய் இத்தனை மாதம் ஆகியும் இந்த வாய்க்கு இன்னும் புத்தி வரவில்லை. எந்தப் பிரச்சினை வந்தாலும் உன் பெயரைச் சொல்லித்தான் பழக்கம். பாதிப் பிரச்சினை உன்னால் வந்ததுதானே.

இதுவும் உன்னால் வந்ததுதான். வண்டிக்கு எப்.சி. தகுதிச் சான்றிதழ் வாங்கும் தேதி வந்துவிட்டது. பிரேக்கைச் சரிபார்த்து, டயர் மாற்றி, பெயிண்ட் அடித்து, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டி, புதுப் பெண்ணைப் போலச் சிங்காரித்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் தங்கமான மனுஷன். எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், டிரைவர் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தார். நான் இடது பக்கமாக ஏறி, இன்ஜின் மூடியைத் தாண்டிக் குதித்து, உள்ளேயிருந்து தாழ்ப்பாளை நீக்கினேன். கதவு திறந்தது. அவர் தாழ்ப்பாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாளா?"

இல்லை சார், வூட்டு வாசக்கதவுத் தாழ்ப்பாள் என்று சொல்ல வந்தேன். நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். ஆத்திர அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்க முடியாத கதவோடு வண்டி ரோட்டில் ஓடக்கூடாது, ரெண்டு கதவுக்கும் ஒயுங்கா பூட்டு போட்டுக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எப்.சி. இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. வண்டி ஓடாவிட்டால் உன் வீட்டு அடுப்பும் எரியாது, என் வீட்டு அடுப்பும் எரியாது. செய்யூர்ப் பக்கம் தோப்பில் வெட்டிய சவுக்கு மரம் லோடுக்காகக் காய்ந்துகொண்டு கிடக்கிறது. கேளம்பாக்கத்தில் சாரம் கட்டுகிறவன் தினமும் போன் செய்து திட்டுகிறான். பழைய இரும்புக் கடைக்காரன் ஒருத்தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "குடுத்துடேன்பா, அதுக்கும் வயசாய்ட்ச்சி" என்று துக்கம் விசாரிக்கிறான். இத்தனையும் ஒரு கதவுப் பூட்டால்.

இல்லை, பூட்டால் இல்லை. ஒரு சாவியால்.

உனக்கு அந்த மத்தியானம் மறந்திருக்காது. மறந்ததாக நடிப்பாய், அது வேறு. மாமல்லபுரத்தில் சிற்பக்கூடத்துக்கு நந்தி ஏற்றப் போயிருந்தோம். வண்டியை வாங்கிய புதுசு. புதுசு என்றால் நமக்குத்தான் புதுசு, வண்டிக்கு இல்லை. கதவுக்கு ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். சாவித் துவாரமும் டிரைவர் பக்கத்தில் மட்டும்தான். நந்தியை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு நான் வண்டிக்கு அடியில் நிழலில் துண்டை விரித்துப் படுத்தேன். நீ மேலே உட்கார்ந்து ஈரத்துண்டைக் கதவுக் கண்ணாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாய். கிளம்புகிற நேரத்தில் அடியில் குனிந்து என்னை எழுப்பினாய்.

"மச்சான், சாவி குடு."

"எந்தச் சாவி?"

"கதவு சாவிடா. உன் கைலதான குடுத்தேன்?"

கொடுக்கவே இல்லை. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன், கொடுக்கவே இல்லை. ஆனால் நீ சத்தம் போட்ட சத்தத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சட்டையை உதறினேன், வேட்டியை உதறினேன். உளி பிடித்திருந்த சிற்பிகள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கல்லுச் சில்லைக் குவித்து வைத்திருந்தார்களே, அந்தக் குவியலை என்னைச் சலிக்கவிட்டாய். நீ நிழலில் நின்றுகொண்டு, "என் தங்கச்சி முந்தானைல முடிஞ்சி வச்சிகிறியான்னு பாரு" என்று கத்தினாய். அவள் அப்போது கருங்குழியில் இருந்தாள்.

அதோடு விட்டாயா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை நான் ஊர் ஊராகச் சுமந்தேன். செய்யூரில் அந்தக் கல்யாணத்தில் ஆசீர்வாதத்துக்குத் தாலித்தட்டு வரிசையாக வந்துகொண்டிருந்தது. எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். என் கைக்கு வரும்போது நீ எழுந்து நின்றாய். "எங்க மச்சான் கைல தட்ட குடுக்காதீங்க. லாரி சாவியவே தொலைச்சவரு!" பந்தலே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தான். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். உன் தங்கச்சி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். தட்டு என் தலைக்கு மேலே அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. நான் அந்தத் தாலியைத் தொடாமலே அவர்களுக்கு ரெண்டு பிள்ளை பிறந்தது, அது உன் புண்ணியம்.

சாவி போனபிறகாவது பூட்டை மாற்றியிருக்கலாம். நான் எத்தனை தடவை சொன்னேன்? சொல்லும்போதெல்லாம் உனக்கு ஒரே பதில்தான்: "சாவிய நீ தேடிக் குடு, பூட்ட நான் மாத்துறேன்." இதில் என்ன நியாயம் இருக்கிறது? சாவி கிடைத்தால் பூட்டை எதற்கு மாற்ற வேண்டும்? இதைக் கேட்டால், "அதாண்டா நானும் சொல்றேன்" என்று பீடியைப் பற்றவைப்பாய். உன்னோடு பேசி ஜெயித்தவன் எவனும் இல்லை.

கடற்கரை ரோட்டு உப்புக் காற்றில் கதவு இற்றது, கீல் இறங்கியது. கோவளம் தாண்டி ஒரு வளைவில் கதவு தானாகத் திறந்து, நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தொங்கினாய். அப்போதாவது பட்டறைக்கு விடுவாய் என்று நினைத்தேன். நீ உன் வீட்டு வாசற்கதவில் மாட்ட வாங்கி வைத்திருந்த தாழ்ப்பாளைக் கொண்டுவந்து கதவின் உள்பக்கம் திருகினாய். இடது கதவுக்கு வெளியே ஒரு கொண்டியைப் பற்றவைத்துப் பூட்டு தொங்கவிட்டாய். அன்றிலிருந்து நாம் இருவரும் இடது பக்கம் ஏறி, இன்ஜின் மூடியைத் தாண்டித்தான் டிரைவர் சீட்டுக்குப் போனோம், வந்தோம். சூடேறிய மூடியில் தொடை பட்டுப் பட்டு எனக்குத் தழும்பே விழுந்துவிட்டது. கேட்டால் சிரிப்பாய். "திருடன் வந்தா அவனுக்கும் சுடும்ல மச்சான்."

உபயோகம் இல்லாமல் போன சாவித் துவாரத்தையும் நீ சும்மா விடவில்லை. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தால், எல்லோரும் வாழைப்பழத்தில் ஊதுவத்தி செருகுவார்கள். நீ கதவுத் துவாரத்தில் செருகினாய். "பார்த்தியா, ஆடாம அசையாம நிக்குது!" அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அதே இடம். எரிந்து முடிந்ததும் குச்சியைப் பிடுங்கமாட்டாய், ஒடித்துவிட்டு மேலேயே அடுத்ததைக் குத்துவாய். அதைத்தான் தாஸ் கொட்டிக் காட்டினான்.

பிறகு உனக்குச் சர்க்கரை கூடிப் போய், கால் புண் ஆறாமல் கட்டிலோடு கிடந்தாய். நான் லோடு இறக்கிவிட்டு உன்னைப் பார்க்க வருவேன். வாடகை எப்படி, டீசல் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாய். நான் உட்காருவதற்குள், "கதவ மாத்திட்டியா?" என்பாய். இல்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வாய். உனக்கு அந்த வண்டிமேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொள்வேன். கடைசியாக நான் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே: "நான் போனப்பொறம் மாத்திக்க மச்சான்." அப்படியெல்லாம் பேசாதே என்று உன்னைத் திட்டினேன். வெளியே வந்து முருங்கை மரத்தடியில் நின்று அழுதேன். அழுதது இப்போது எரிச்சலாக இருக்கிறது.

ஏனென்றால், தாஸ் பூட்டோடு நிற்கவில்லை. பழைய இரும்புச் சந்தையில் நான் தேடிப் பிடித்து வந்த பூட்டு, எடுத்துப் பார்த்தால் ரெண்டும் இடது பக்கத்துக்கு உரியது. அதைத் திருப்பிக் கொடுத்து வலதுக்கு வாங்க ஒரு நாள் போனது. அப்புறம் கீலை நிமிர்த்தவேண்டும், அதற்குக் கதவின் உள்தகட்டை முழுசாகக் கழற்றவேண்டும் என்றான் தாஸ். திருகெல்லாம் துருவேறி ஒன்றாகியிருந்தது. ஒவ்வொன்றையும் வெட்டித்தான் எடுத்தான். தகடு கையோடு வந்தது. உள்ளே சவுக்கு இலைச் சருகு, கடற்கரை மணல், ஒரு சீப்பு, காய்ந்த எலுமிச்சம்பழம். தாஸ் கையைவிட்டு அடியில் துழாவினான்.

"அண்ணாத்த, இது இன்னா பாரு."

சாவி. பச்சை நிற நூல் கட்டிய சாவி. அந்த நூல் நீ கட்டியது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. கண்ணாடி இறங்கும் சந்துக்குப் பக்கத்தில் சாவியை வைத்துவிட்டு, அதன்மேலேயே ஈரத்துண்டைப் போட்டிருக்கிறாய். விழுந்துவிட்டது. நான் கல்லுச் சில்லைச் சலித்துக்கொண்டிருந்தபோது, நீ எந்தக் கதவில் சாய்ந்துகொண்டு என்னைத் திட்டினாயோ, அந்தக் கதவுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது மச்சான். தாஸைப் பிடித்து உலுக்கினேன். "நான் தொலைக்கலடா! பார்த்தியா? நான் தொலைக்கல!" அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி அண்ணாத்த, நீ தொலைக்கல, உட்காரு, டீ சொல்றேன்" என்றான்.

டீயை யார் குடித்தது? வீட்டுக்கு ஓடினேன். ஊர் முன்னால் நிரூபிக்க முடியாவிட்டாலும் உன் தங்கச்சி முன்னால் நிரூபிக்கலாமே. அவள் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாவியை முறத்தில் போட்டேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"கெடைச்சிட்ச்சா?"

அவ்வளவுதான். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"எங்க கெடைச்சிதுன்னு கேக்கமாட்டியா?"

"கதவுக்குள்ளதான?" என்று கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அண்ணன் சொல்லிச்சி. தொலைஞ்ச மறுநாளே வந்து சொல்லிச்சி. கதவ சாத்துனப்ப உள்ள க்ளிங்குன்னு சத்தம் வந்துச்சாம். அப்பதான் அதுக்கே தெரிஞ்சிது."

எனக்கும் அந்தச் சத்தம் தெரியும் மச்சான். தாழ்ப்பாள் போடும்வரை கதவைச் சாத்தும்போதெல்லாம், அப்புறம் வண்டி குலுங்கும்போதெல்லாம் கேட்ட சத்தம். கேட்டதற்கு, "கண்ணாடிய தூக்குற பல்லு தேஞ்சிகீது, அதான்" என்று சொன்னாயே, பாவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

"தெரிஞ்சும் ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்ச்சி மாமா, புள்ள தலைல அடிச்சி. 'சொல்லாத, அவனுக்குத் தெரிஞ்சா நான் சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்'னு."

"நான் சொல்லிக் காட்டுவேனா?"

"இப்ப இன்னா பண்ணிகினுகீற?"

பேச்சை மாற்றினேன். "அப்ப அந்தக் கல்யாணத்துல, தாலித்தட்டு வரும்போது? எல்லாம் தெரிஞ்சிகினே நீயும்தான சிரிச்ச?"

"சிரிப்பு வந்துச்சி, சிரிச்சேன்."

அண்ணனும் தங்கச்சியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். "சரி, அவன் போனப்பொறமாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "யார்கிட்ட சொல்றது? நீ சோறு துன்னாம செவுரப் பாத்துகினு கெடந்த. அப்ப வந்து சாவி கதவுக்குள்ள கீதுன்னு சொல்ல சொல்றியா?" சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் நீதானே அண்ணன். நான் போய்க் கை கால் கழுவினேன்.

கழுவும்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. நீ ஏன் பூட்டை மாற்றவிடவில்லை என்று. எந்த டிங்கர் கதவைப் பிரித்தாலும் உன் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்காக எனக்குத் தாழ்ப்பாள், எனக்குச் சூடு, எனக்குத் தழும்பு. என்னைவிட உன் தொடையில்தான் தழும்பு அதிகம், அதையும் நினைத்துப் பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை தோற்கக்கூடாது என்பதற்காக ஒரு மனுஷன் தினமும் இன்ஜின் மூடியில் வெந்துகொண்டா இருப்பான்? "கதவ மாத்திட்டியா" என்று கட்டிலில் கிடந்து கேட்டதும் பாசம் இல்லை, பயம். நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று நாடி பிடித்துப் பார்த்திருக்கிறாய். போனபிறகு மாற்றிக்கொள் என்றதற்கும் அதுதான் அர்த்தம்.

மறுநாள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தாஸ் வேலையை முடித்து, உள்தகடு மட்டும் மாட்ட வேண்டிய நிலையில் வைத்திருந்தான். "சாத்திப் பாரு அண்ணாத்த" என்றான். சாத்தினேன். டப்பென்று விழுந்தது. கச்சிதம். வெளியிலிருந்து திறந்தது, உள்ளிருந்து திறந்தது, புதுச் சாவி வெண்ணெயாய்த் திரும்பியது. மறுபடி சாத்தினேன். டப். அவ்வளவுதான். வேறு சத்தம் எதுவும் வரவில்லை. நாலைந்து முறை திறந்து சாத்தியபின், "இன்னா கொறன்னு சொல்லு, செஞ்சி தரேன்" என்றான் அவன். எனக்கு அது நம் வண்டிக் கதவாகவே படவில்லை. எவனோ ஒருவனின் வண்டியில் கூலிக்கு ஏறப்போகிற மாதிரி இருந்தது.

பையிலிருந்து பழைய சாவியை எடுத்துக் கொடுத்தேன். "இத உள்ள போட்டு மூடு."

"நைனா, உனுக்கு இன்னா ஆச்சி? பூட்டுல போய் மாட்டிகினா கதவு தொறக்காது. எப்.சி. புட்டுக்கும்."

"மாட்டாத மாதிரி போடு."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, ஒரு கம்பித் துண்டை வளைத்து, சாவி கதவின் அடிப்பக்கம் ஆடும்படியாகத் தொங்கவிட்டு, தகட்டை மூடித் திருகினான். சாத்தினேன். டப். க்ளிங். உன்மேல் இருந்த ஆத்திரத்தில்தான் போடச் சொன்னேன். நீ ஒளித்து வைத்த இடம், நீயே வைத்துக்கொள் என்றுதான். அப்படித்தான் தாஸிடமும் சொன்னேன்.

வண்டியை மறுபடி எப்.சி.க்குக் கொண்டுபோனேன். லாரிக்காரர்கள் ஒரு கூட்டமே வரிசையில் நின்றது, அதில் நம்மைத் தெரிந்தவர்கள் பாதிப் பேர். அந்தச் செய்யூர்க் கல்யாணத்துக்கு வந்தவர்களும் இருந்தார்கள். அதே இன்ஸ்பெக்டர். டிரைவர் கதவைத் திறந்தார், சாத்தினார். டப். க்ளிங். புருவத்தைத் தூக்கினார். திரும்பத் திறந்து சாத்தினார். க்ளிங். ரெண்டு வீட்டுச் சோற்றை ஒரு வீம்புக்காகக் கதவுக்குள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது.

"உள்ள இன்னாய்யா சத்தம்?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. கல்லுச் சில்லைச் சலித்த நாளிலிருந்து என் வாயில் உருண்டுகொண்டிருந்த வார்த்தை. நன்றாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"பழைய சாவி சார். எங்க மச்சான் தொலைச்சது."

அவர் உள்பக்கக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார், புதுச் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். வண்டி பாஸ். சாயங்காலமே செய்யூர்த் தோப்புக்கு வரச் சொல்லி லோடு ஏற்றுகிற ஆட்களுக்குப் போன் போட்டேன்.

ஆனால் மச்சான், அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததும் நான் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. நான் ஓட்டும்போது நீ உட்காரும் இடது சீட்டைத்தான் திரும்பிப் பார்த்தேன். "யாரு, நானா? உன் கைலதானடா குடுத்தேன்!" என்று அங்கிருந்து ஒரு கத்தல் வரும் என்று காது காத்துக்கொண்டு நின்றது. அவ்வளவு பேர் கேட்டார்கள். ஒருத்தர்கூட இல்லை என்று சொல்லவில்லை.

ஜெயித்துவிட்டேன். வலது கதவைத் திறந்து, நேராக என் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஓங்கிச் சாத்தினேன்.